இறங்கும் இடம் எழுதாத கப்பல்

கிரீஸண்ணன் கப்பலுக்குக் கிளம்பிய காலையில் அவர் மனைவி வாசல் வரைக்கும் வரவில்லை. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து யாரோ ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரேன்" என்றதற்கு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டே துறைமுகம். மறந்துடாதீங்க" என்றாள்.

மறக்கிற விஷயமா அது? அவள் மார்பில் கட்டி இருந்தது. அடுத்த மாதம் அறுத்து எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செலவுக்காகத்தான் இந்தக் குட்டிப் பயணம். வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஆபீஸ் ஒன்றில் ஓடியாடி எடுபிடி வேலை செய்கிறவன்.

"சின்ன சரக்குக் கப்பல் மாமா. ரெண்டாவது துறைமுகத்துல இறங்கிடலாம். அக்கா ஆபரேஷனுக்கு முன்னாடி வீட்டுல இருப்பீங்க, நான் பொறுப்பு" என்று நெஞ்சில் அடித்துச் சொல்லியிருந்தான்.

கிரீஸண்ணன் கடலுக்குப் புதுசு இல்லை. தலையில் பாதி நரைக்கும் வரை இன்ஜின் அறையில் எண்ணெய் போட்டவர். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாததால் வந்த பெயர்தான் கிரீஸண்ணன். மனைவி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். கப்பல் கிளம்பும் முன்பே கேப்டனும் ஊழியனும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கிருந்து எங்கே பயணம், என்ன வேலை, என்ன சாப்பாடு, எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரிய கப்பல்களில் ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டி, "புரிஞ்சுதா? சம்மதமா?" என்று கேட்ட பிறகுதான் பேனாவையே நீட்டுவார்.

ஆள் சேர்க்கும் ஆபீசில் அவர் கேட்கத்தான் செய்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மேனேஜர், "ஒப்பந்தம் கேப்டன்தான் போடணும். கேப்டன் எங்க இருக்காரு? கப்பல்ல. ஏறினதும் முதல் வேலை அதுதான்" என்றார். பிறகு பூட்ஸும் வேலைச் சட்டையும் வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிரீஸண்ணன் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

கப்பலில் ஏறினால் கேப்டன் சரக்கு ஏற்றும் கிரேனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர், முகம் மட்டும் பளபளவென்று மழித்திருந்தது. "கிளம்பட்டும்யா, பார்க்கலாம்" என்றார். பாஸ்போர்ட்டையும் கடல் ஊழியர் புத்தகத்தையும் வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். கிளம்பிய பிறகு ஒப்பந்தம் கேட்பது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இது எந்த ஊர் பஸ் என்று கேட்பது மாதிரி. கேட்கலாம். டிரைவர் பதில் சொல்ல வேண்டுமே!

முதல் துறைமுகம் சொன்னபடி வந்தது. இரண்டாவதும் வந்தது. கிரீஸண்ணன் குளித்து, பையைக் கட்டிக்கொண்டு கேப்டன் அறைக் கதவைத் தட்டினார்.

"எதுக்கு வந்தே?"

"இங்க இறங்கணும் சார். பேசினது அப்படித்தான்."

"யார் பேசினா? நான் பேசினேனா?" கேப்டன் சீட்டுக்கட்டைத் தனக்குத்தானே கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஓனர் அடுத்த துறைமுகத்துக்குப் போகச் சொல்லிட்டாரு. பயணம் முடியாம யாரும் இறங்க முடியாது. ஒப்பந்தம் அப்படி."

"நான் ஒப்பந்தத்துல கையெழுத்தே போடலையே சார்."

"உன் சார்பா ஏஜெண்ட் போட்டிருக்கான்."

"அதுல பயணம் எங்க முடியும்னு எழுதியிருக்கு?"

"ஓனர் சொல்ற இடத்துல."

"ஒரு தடவை கண்ணுல காட்டுங்க சார்."

"பெட்டகத்துல இருக்கு. என் மேல நம்பிக்கை இல்லையா?" கேப்டன் சீட்டைக் கீழே வைத்தார். "பாரு, பாதியில இறங்கினா கப்பலை விட்டு ஓடினவன்னு பதிவாயிடும். கேட்டுலயே புடிச்சு உள்ள வச்சுடுவான். அப்புறம் உன் பொண்டாட்டியை நீ பார்க்கிறது எப்போ?"

அந்தக் கடைசிப் பேச்சில் கிரீஸண்ணன் பயந்துதான் போனார். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். நல்ல வெயில். கன்டெய்னர்களுக்கு நடுவே போகும் பாதையில் நடந்து துறைமுக வாசல் வரைக்கும் போனார். காவலாளி கையை நீட்டினான். பாஸ்போர்ட் இல்லை, புத்தகம் இல்லை, கேப்டன் கொடுத்த விடுவிப்புச் சீட்டும் இல்லை. "எந்தக் கப்பல்?" என்று கேட்டுக்கொண்டே காவலாளி தொலைபேசியை எடுத்தான். அவ்வளவுதான். கிரீஸண்ணனின் கால்கள் தாமாகவே திரும்பின.

அவர் திரும்பி ஏணி ஏறுவதை மற்றவர்கள் எல்லோரும் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவருக்கும் ஒப்பந்தம் கிடையாது. அவர் வெளியே போய்விட்டால் தங்களுக்கும் வழி உண்டு என்று காத்திருந்தவர்கள். சமையல்காரர் மட்டும் பையை வாங்கிக்கொண்டு, "வாங்கண்ணே, டீ சூடா இருக்கு" என்றார்.

மூன்றாவது துறைமுகத்தில் தலைமை இன்ஜினியருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கரையோரம் போகும்போது போனுக்குச் சிக்னல் கிடைத்தது. மனைவியின் போனுக்குக் கூப்பிட்டார். அவள் தம்பி, மச்சான்தான் எடுத்தான்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"கடல்ல."

"நாளைக்கு ஆபரேஷன் மாமா. புருஷன் கையெழுத்து கேக்கறாங்க. என்ன செய்யட்டும்?"

"நீ போடு."

"நானா?"

"நீதானே என்னைக் கையெழுத்தே இல்லாம கப்பல்ல ஏத்தினே? இதுலயாவது போடு."

அவன் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டான். பிறகு அவள் குரல். "என்னங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் "ம்" என்றார். "தைக்க வாங்கின துணியெல்லாம் திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றாள். அவள் வாங்கின துணியைத் தைக்காமல் திருப்பிக் கொடுத்து அவர் பார்த்ததே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

அறுவை முடிந்ததா, எப்படி முடிந்தது என்று தெரியாமலே கப்பல் மேலும் ஓடியது. கடைசியில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். உள்ளே விட மறுத்தார்கள். காகிதம் எதுவும் சரியில்லையாம். ஓனரின் போன் கிணற்றில் போட்ட கல். முதலில் காய்கறி தீர்ந்தது, பிறகு எண்ணெய், பிறகு சர்க்கரை. சமையல்காரர் அரிசியைத் துணியில் அளந்து போட்டு, தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, "இன்னைக்கு ஸ்பெஷல் சூப்" என்பார். சிரிக்க ஆளில்லாமல் அந்த நகைச்சுவையும் தீர்ந்தது.

அதற்கு மேல் இன்னொரு கேடும் வந்தது. கப்பலைத் தள்ளும் விசிறியின் இரும்புத் தண்டு, பின்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிற இடத்தில் அடைப்பு நைந்துபோய்த் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. அதை வெளியே தள்ளப் பழைய பம்பு ஒன்றுதான் இருந்தது. துருவும் பஞ்சும் வந்து வாயை அடைக்கும்போதெல்லாம் அது விக்கி நின்றுவிடும். நின்றால் கையை முழங்கை வரை விட்டு அடைப்பை எடுத்து, தண்ணீர் ஊற்றி, திரும்ப உயிர் கொடுக்க வேண்டும். தலைமை இன்ஜினியர் போன பிறகு அந்தப் பம்பு கிரீஸண்ணன் கைக்கு மட்டும்தான் படிந்தது. மற்றவர்கள் முயன்று பார்த்தார்கள். அது செருமிவிட்டு நின்றுகொண்டது. அவர் பாயைப் பம்புக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். தூக்கத்தில் சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும். சத்தம் இருந்தால் அவள் ஞாபகம் வரும்.

கடலில் குதித்துவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. கரை கண்ணுக்குத் தெரிந்தது; போனில்தான் காசு தீர்ந்துபோயிருந்தது. கட்டிடங்களின் ஜன்னல் கண்ணாடி வெயிலில் மின்னியது. யாரோ அங்கே ஜன்னலைத் திறந்து துணி காயப்போடுகிறார்கள். இங்கே ஒரு மனிதன் தன் மனைவி இருக்கிறாளா போய்விட்டாளா என்று தெரியாமல் இரும்புத் தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

அவருக்குத் தெரியாமல் கரையில் மச்சான் ஒரு காரியம் செய்திருந்தான். அக்கா மயக்கம் தெளிந்து முதலில் கேட்ட கேள்வி, "அவர் வந்துட்டாரா?" அன்றைக்கே அவன் தன் ஆபீசில் போய் மேனேஜரிடம் சண்டை போட்டான். வேலை போயிற்று. அதற்குப் பிறகு கடல் ஊழியர் நலனைப் பார்க்கிற ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினான். ஒப்பந்தமே இல்லாமல் ஆள் ஏற்றினோம், அதில் நானும் கூட்டு என்று தானே வாக்குமூலம் கொடுத்தான். அந்தப் புகார் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய், கடைசியில் கப்பல் நின்ற துறைமுகத்துக்கே வந்து சேர்ந்தது.

ஒரு காலை, காற்று கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் படகு ஒன்று வந்து ஒட்டியது. உயிர்காக்கும் சட்டை போட்ட ஒரு அம்மாள் கயிற்றேணியில் ஏறி வந்தார். துறைமுக ஆய்வாளர். மேலே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜின் ரூம்ல வேலை பார்க்கிறவர் யாரு? ஆஸ்பத்திரில மனைவி இருக்கிறவர்?"

கிரீஸண்ணன் முன்னால் வந்தார். "உயிரோட இருக்காளா மேடம்?"

"இருக்காங்க. உங்க மச்சான்தான் புகார் கொடுத்தது."

எல்லோரையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தார். கேப்டனைப் பார்த்து, "இவங்களோட ஒப்பந்தங்களைக் கொண்டுவாங்க" என்றார்.

கேப்டன் எழுந்திருக்கவில்லை. அன்றும் அவர் முகம் மழித்திருந்தது. உப்புத் தண்ணீரில் மழித்து மழித்துத் தோல் சிவந்து உரிந்திருந்தது.

"பெட்டகத்துல இருக்குன்னு சொன்னாரு மேடம்" என்றார் கிரீஸண்ணன்.

"இல்ல" என்றார் கேப்டன். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்படி எதுவும் இல்ல. போடவே இல்ல."

ஆய்வாளர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து நிதானமாகச் சொன்னார். "கேட்டுக்குங்க. கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி, கேப்டன் கையெழுத்தோட, எழுத்துல ஒப்பந்தம் போடணும். அதை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும், ஒரு நகல் உங்க கையில கொடுக்கணும். அதைச் செய்யாம ஏத்தினா உங்களை எதுவும் கட்டாது. நீங்க எந்தத் துறைமுகத்துலயும், எப்போ வேணும்னாலும் இறங்கியிருக்கலாம். ஓடினவன்னு யாரும் சொல்ல முடியாது. ஊருக்கு அனுப்பறது ஓனர் பொறுப்பு. அவர் இல்லைன்னா நாங்க அனுப்பறோம்."

கிரீஸண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியென்றால் அன்றைக்கு, கன்டெய்னர்களுக்கு நடுவே நடந்து போய் வாசலில் நின்றபோது, அவர் சுதந்திரமான மனிதர். ஒப்பந்தம் வேண்டும் என்று அறிந்திருந்தாரே தவிர, அது இல்லாவிட்டால் தன்னைக் கட்டாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எழுதாத காகிதத்துக்குப் பயந்து திரும்பி வந்திருக்கிறார். எழுந்துபோய்க் கேப்டன் சட்டையைப் பிடித்தார். அடிக்கத்தான் நினைத்தார். கை ஓங்கவில்லை. சட்டைக்குள் எலும்புதான் இருந்தது.

"அவ ஆபரேஷனுக்குப் போறப்போ நான் இங்க எண்ணெய் போட்டுட்டு இருந்தேன்" என்றார். அழுகையில் சொல் குழறியது. சமையல்காரர்தான் அவர் கையைப் பிரித்துவிட்டார்.

படகில் படகோட்டியையும் ஆய்வாளரையும் சேர்த்து ஐந்து பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் அடுத்த முறை. "அடுத்த முறை எப்போ?" என்று கேட்டதற்குப் படகோட்டி வானத்தைக் காட்டினான். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கு முடியாது. நாளைக்கும் சந்தேகம். இழுவைக் கப்பலுக்குச் சொல்லியிருக்கு, காத்து அடங்கினாதான் அதுவும் வரும்." ஆய்வாளர் சில நாளாகக் காய்ச்சலில் கிடந்த இரண்டு பேரையும் கிரீஸண்ணனையும் முதலில் ஏறச் சொன்னார். அவர் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே பம்பு விக்கியது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். இருக்காதீங்க என்றும் யாரும் சொல்லவில்லை, போகாதீங்க என்றும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

அவர் கீழே போய் அடைப்பை எடுத்துவிட்டு எண்ணெய்க் கையோடு மேலே வந்து, "மேடம், உங்க போன்ல ஒரு தடவை அவகிட்ட பேசணும்" என்றார்.

மச்சான் போனை அக்கா காதில் வைத்தான். கிரீஸண்ணன் நடந்ததைச் சொன்னார். இடம் கிடைத்திருக்கிறது என்றார். பம்பைப் பற்றியும் சொன்னார்.

"வந்துடுங்க" என்றாள் அவள்.

"நான் வந்துட்டா இங்க நாலு பேர்..."

"அவங்க யாரு உங்களுக்கு?"

"சமையல்காரர் இருக்காரு. ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" என்றாள். பிறகு போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று எல்லோரும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எறும்பு எந்தப் பக்கம் போனாலும் வேகத்தான் செய்யும். கிரீஸண்ணன் போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கேப்டனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் இருக்கேன். ஆனா இந்தத் தடவை எழுதுங்க."

"எதை?"

"ஒப்பந்தத்தை. மேடம் முன்னாடி. எழுதிப் படிச்சுக் காட்டுங்க."

ஆய்வாளர் தன் கோப்பிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்துக் கொடுத்தார். கேப்டன் எழுதினார். வேலை: பம்பும் இன்ஜின் அறையும். இடம்: இந்த நங்கூரம், வேறெங்கும் இல்லை. சாப்பாடு: கேப்டன் சாப்பிடுவது எதுவோ அதுவே. இன்ஜின் அறையின் தரைத் தகடுகளுக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால், கேப்டன் எல்லோரையும் உயிர்ப்படகில் இறக்கிவிட வேண்டும்.

"எப்போ முடியுது? அதை எழுதுங்க" என்றார் கிரீஸண்ணன்.

"இழுவைக் கப்பல் வந்ததும்."

"வந்ததும் இல்ல சார். கயிறு மாட்டினதும். மாட்டின நிமிஷத்துலேருந்து நான் உங்க ஆளு இல்ல."

கேப்டன் அப்படியே எழுதினார். ஆய்வாளர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, "புரிஞ்சுதா? சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றார் கிரீஸண்ணன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். அவர் விட்ட இடத்தில் காய்ச்சல்காரர் ஒருவரைப் படுக்கவைத்துக் கிளம்பிய படகு காற்றில் குதித்துக் குதித்துப் போவதை அவர் பார்க்கவில்லை. கீழே போய்விட்டார்.

காற்று சீக்கிரம் அடங்கவில்லை. கப்பல் ஆட ஆட அடைப்பு இன்னும் கிழிந்தது. பம்பு தள்ளுவதைவிட வருகிற தண்ணீர் அதிகமாகி, தரைத் தகடுகள் மூழ்கின. சமையல்காரரும் மற்ற இருவரும் வாளியால் இறைத்தார்கள். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்லுவாங்க. நமக்கு இன்னும் கணுக்காலு தாண்டலையே அண்ணே" என்று சமையல்காரர் சொன்னபோது, வெகுநாளைக்குப் பிறகு கிரீஸண்ணன் சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

ஒரு மதியம் கேப்டனும் காலுறையைக் கழற்றிவிட்டு வாளியோடு இறங்கி வந்தார். வரிசையில் நின்று இறைத்தார். மூச்சு வாங்கியபோது சொன்னார், "எனக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கல. ஓனர் போன்லதான் சேர்த்தான். நீங்க எல்லாம் இறங்கிட்டா இந்த இரும்போட நான் தனியா நிக்கணும். அந்தப் பயம்தான்."

கிரீஸண்ணன் மன்னிக்கவில்லை. வாளியை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு ஒரு விரல்கடை கீழே இருந்தபோது காற்று விட்டது. இழுவைக் கப்பல் வந்தது. கயிறு மாட்டியதும் கேப்டன் தானே கீழே வந்து, "முடிஞ்சுது. போ" என்றார். பாஸ்போர்ட்டையும் புத்தகத்தையும் நீட்டினார். இழுவைக் கப்பல் கொண்டுவந்த புதுப் பம்பு மேல்தளத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. கிரீஸண்ணன் தன் பழைய பம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏணி ஏறினார்.

ஆஸ்பத்திரி வார்டில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் நின்று, "நான்தான்" என்றார்.

"தெரியுது. டீசல் நாத்தம் வாசல்லேயே வந்துடுச்சு" என்றாள். திரும்பவில்லை.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது அதற்கு முன்பே வேறு இடத்துக்கும் போய்விட்டிருந்தது. அவர் நேரத்துக்கு வந்திருந்தாலும் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். அதில் ஆறுதல் எதுவும் இல்லை. மச்சான் வார்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வரப் பயந்தான். கிரீஸண்ணன் போய் அவன் தோளைப் பிடித்து அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார்.

பல நாள் அவள் அவரோடு சரியாகப் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் குடித்தாள். தலையணையைச் சரிசெய்தால் விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம், அவர் அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று கேட்டாள்: "அந்த நீச்சல் தெரியாத ரெண்டு பேரு?"

"ஊருக்குப் போயிட்டாங்க."

"கல்யாணம் ஆனவங்களா?"

"ஒருத்தருக்கு ஆயிடுச்சு."

அவள் கூரையைப் பார்த்தாள். "அவ குடுத்து வச்சவ" என்றாள். அதில் கோபம் இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா என்று கிரீஸண்ணனுக்குத் தெரியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை. காலை விடாமல் பிடித்துவிட்டார். அந்த வருஷ மழை முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.